பையில் அடுக்குவது யார் கடமை?

மாதச் சம்பளம் கைக்கு வந்த வாரத்துச் சனிக்கிழமை மாலை. ஜொகூர் மாநிலத்து நகரமொன்றிலுள்ள பேரங்காடியில், பணம் கட்டும் வரிசையில் யாம் மூன்றாமவராய் நின்றுகொண்டிருந்தோம். முதலில் நின்றவர் நம்மவர். தூய வெள்ளைச் சட்டையும் விலையுயர்ந்த கைக்கடிகாரமுமாகப் பார்வைக்குக் கண்ணியமானவர். காசாளராக இருந்த அம்மையாரும் நம்மவரே. வயது ஐம்பதுக்குக் குறையாது. அவர் ஒரு கையால் சாமானை எடுத்து விலை காட்டும் கருவியின்மேல் காட்டுவார். மறு கையால் பையை விரிப்பார். இடையே உறுப்பினர் அட்டை உண்டா, இன்னொரு பை வேண்டுமா என்றும் கேட்பார். இவ்வளவும் ஒருவரே செய்துகொண்டிருக்க, நமது கண்ணியவான் இரு கைகளையும் மார்பிற் கட்டிக்கொண்டு, வேலை சரியாக நடைபெறுகிறதா என மேற்பார்ப்பவர்போல நின்றார். அவசரத்தில் முட்டைத் தட்டின்மேல் இரண்டு கிலோ சீனி ஏறிவிட்டது. இரண்டு முட்டைகள் உடைந்தன.

"உனக்குக் கண் இல்லையா? நாலு எழுத்துப் படித்திருந்தால் இந்த வேலைக்கு ஏன் வந்திருக்கப் போகிறாய்?" என்றார் அவர். தமிழிலேதான் சொன்னார். அம்மையார், "மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா, வேறு தட்டு கொண்டுவரச் சொல்கிறேன்" என்றார். அவர் முகத்தை யாம் பார்க்கவில்லை, பார்க்கக் கூசினோம்.

பின்னால் நின்ற யாம் ஒரு வார்த்தையும் பேசினோமில்லை. ஏன் பேசவில்லை என்பதைப் பன்முறை எண்ணிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை. உலகில் எவ்வளவோ துன்பங்கள் இருக்க, கடையில் சாமானைப் பையில் இடுவதைப் பற்றியா ஒரு வியாசம் என வாசகர் நகைக்கலாம். நகைத்துவிட்டுப் படிக்குமாறு வேண்டுகிறோம். மனிதன் மனிதனை எவ்வாறு எண்ணுகிறான் என்பது மாநாட்டுத் தீர்மானங்களிற் புலப்படுவதைக் காட்டிலும் இத்தகைய அற்ப இடங்களிலேதான் தெளிவாகப் புலப்படுகின்றது.

முதலில் இச்சிக்கல் எங்ஙனம் வந்ததென்று பார்ப்போம். தோட்டத்துக் கடையை அறிந்த முதியோர் இன்றும் நம்மிடையே உளர். அக்கடையில் வாங்குவோன் எப்பொருளையும் தொடுவதில்லை. பலகைக்கு அப்பால் நிற்கும் கடைக்காரர் அரிசியையும் பருப்பையும் நிறுப்பார். பழைய செய்தித்தாளைச் சுருட்டிப் பொட்டலம் கட்டி நூலாற் சுற்றுவார். 555 என்னும் எண் பொறித்த சின்னப் புத்தகத்தில் பற்று எழுதுவார். நிறுப்பதும் கட்டுவதும் விலைக்குள் அடங்கிய வேலைகள். அதனால் அக்காலம் மரியாதை நிறைந்த காலமென்று எவரும் ஏமாற வேண்டா. கடனுக்கு வாங்குவோன் கடைக்காரர் முகம் பார்த்தே பேசவேண்டியிருந்தது. ஊர்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த ஜாதியும் பலகைக்கு இப்புறம் நின்றது. சிலருடைய காசைக் கையால் வாங்காது பலகைமேல் வைக்கச் சொன்ன கதைகளை எமது பாட்டனார் வாயிலாகக் கேட்டிருக்கிறோம். கடைப்பலகை அன்றும் மனிதரை அளந்துகொண்டேதான் இருந்தது.

1916-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்னும் வேடிக்கைப் பெயருடைய கடையொன்றைத் திறந்தார். வாங்குவோரே கூடையை ஏந்தி உள்ளே சென்று வேண்டியதை எடுத்துக்கொண்டு வாயிலில் பணம் கட்டும் முறை அங்கேதான் தலையெடுத்தது. எடுத்துக் கொடுக்கும் ஆட்கள் குறைந்தனர், விலையும் குறைந்தது. அன்று தொட்டுக் கடையின் வேலை சிறிது சிறிதாக வாங்குவோர் கைக்கு மாறிவருகின்றது. 1974 ஜூன் 26-ஆம் நாள் அந்நாட்டு ஒஹாயோ மாநிலத்து டிராய் என்னும் ஊரில், பட்டைக் குறியீட்டைக் கருவி படித்து விலை சொல்லும் முறையில் முதன்முதலாக ஒரு மெல்லும் பிசின் பொட்டலம் விற்கப்பட்டது. அதன்பின் காசாளர் விலையை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய தேவையும் போயிற்று. இப்பொழுது வாங்குவோரே கருவியிற் காட்டி, வாங்குவோரே பையிலிட்டு, வாங்குவோரே பணம் கட்டும் இயந்திரங்களும் வந்துவிட்டன.

பையின் கதையும் கேட்கத்தக்கதே. அடிப்புறம் தட்டையாயிருந்து தானே நிற்கும் காகிதப் பையைச் செய்யும் இயந்திரத்துக்கு 1871-இல் உரிமை பெற்றவர் மார்கரெட் நைட் என்னும் அமெரிக்க அம்மையார். அவரது அமைப்பைக் கண்ட ஆடவர் ஒருவர் அது தமதென்று பதிந்துகொள்ள முனைய, அவர் வழக்காடித் தமது உரிமையை மீட்டார். பெண்ணுக்கு இயந்திரம் விளங்குமோ என்போர் இதனை நினைவிற் கொள்க. கைப்பிடியுள்ள பிளாஸ்டிக் பை 1960-களில் ஸ்வீடன் நாட்டு ஸ்டென் குஸ்தாஃப் துலின் என்பவர் ஆக்கியது. மலிவாகவும் இலேசாகவும் இருந்தமையால் அது உலகெங்கும் பரவியது. அழியாதிருந்தமையால் உலகெங்கும் குப்பையுமாயிற்று. ஆகவே பினாங்கு அரசு 2011 ஜனவரி முதல் இலவசப் பையை எல்லா நாளும் நிறுத்தியது. சிலாங்கூரில் 2017 ஜனவரி முதல் பையொன்றுக்கு 20 காசு விதிக்கப்பட்டது. சிங்கப்பூரில் 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகள் பையொன்றுக்கு 5 காசேனும் வாங்கவேண்டுமென்பது சட்டமாயிற்று.

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்கினால், வாங்குவோர்க்கு உண்டாகும் மனவெறுப்பில் நியாயம் சிறிதும் இல்லையெனக் கூற இயலாது. முன்பு பிறர் செய்த வேலையை இன்று நாமே செய்கிறோம். முன்பு சும்மா கிடைத்த பைக்கு இன்று காசு கொடுக்கிறோம். பத்து முகப்புகள் இருக்க இரண்டு மட்டும் திறந்திருக்கின்றன. அடுக்குமாடி வீட்டில் வாழும் ஏழைக் குடும்பத்தார் அப்பைகளையே குப்பை கட்டப் பயன்படுத்தி வந்தனர். அவர்கட்கு ஐந்து காசும் கணக்குத்தான். மோட்டார் வண்டியை நிழலில் நிறுத்த ஐந்து வெள்ளி தந்துவிட்டு வந்து ஐந்து காசுக்குச் சண்டையிடுவோரை யாம் இக்கணக்கிற் சேர்க்கவில்லை.

ஆனால், குறையை யாரிடம் சொல்லுகிறோம்? பையின் விலையை விதித்தது அரசு. எத்தனை முகப்பு திறப்பது, எத்தனை பேரை வேலைக்கு வைப்பது என்று தீர்மானிப்பது முதலாளி. இவ்விருவரில் ஒருவரும் நம் எதிரே நிற்பதில்லை. எதிரே நிற்பவர், அவ்விரண்டையும் தீர்மானிக்கும் அதிகாரம் எள்ளளவும் இல்லாத காசாளர். பை அடுக்க உடனிருந்த ஆளை நிறுத்திவிட்டு அவ்வேலையையும் அவர் தலையிலே கட்டியதால் நம்மைவிட அதிகமாக இடருற்றவரும் அவரே. எட்டாத உயரத்தில் இருப்பவர்மேற் கொண்ட சினத்தை எட்டும் தூரத்தில் இருப்பவர்மேற் கொட்டுதல் நம் மக்கட்குப் புதிதன்று. துரையிடம் வாங்கிய வசையைக் கங்காணி கூலியிடம் இறக்கினான். கூலி வீட்டுக்குப் போய் மனைவியிடம் இறக்கினான். அவ்வழியே வந்த பழக்கத்தின் வால்தான் இன்று பேரங்காடியில் ஆடுகின்றது.

நிற்க. பை அடுக்குதலை எவரும் செய்யும் எளிய வேலையென நினைப்போர் ஒருமுறை செய்து பார்ப்பாராக. எண்ணெய்ப் புட்டியும் அரிசியும் அடியில் இருக்கவேண்டும். ரொட்டியும் முட்டையும் கீரையும் மேலே. சவர்க்காரத் தூளை மாவோடு சேர்த்தால் தோசை மணக்கும். பின் வீட்டில் யார் குற்றம் என்னும் விசாரணை நடக்கும். பச்சை மீனும் கோழியும் தனிப்பையிற் போகவேண்டும். உறைபனிப் பொருள்களை ஒருங்கே வைத்தால் ஒன்றையொன்று குளிர்வித்துக்கொள்ளும். பையை நிரப்பினால் காது அறும். நிரப்பாவிட்டால் இன்னொரு பைக்குக் காசு. இவ்வளவையும் பின்னே பத்துப் பேர் பெருமூச்சு விடும்போது சில நிமிடத்திற் செய்து முடிக்கவேண்டும்.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு நுட்பமும் உண்டு. பல சமயத்தார் ஒரே பட்டையில் சாமான் வைக்கும் இடம் இது. பன்றி இறைச்சிக்குத் தனிப் பகுதியும் தனி முகப்பும் பல கடைகளில் வைத்திருப்பது இதனாலேயே. மாட்டிறைச்சி உண்ணாதவரது காய்கறியோடு அதனைச் சேர்த்து வைக்காத காசாளர்களைக் கண்டிருக்கிறோம். யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. அங்ஙனமே, முகப்பில் இருப்பவர் முஸ்லிமாயிருப்பின், நாம் வாங்கிய பீர்ப் போத்தலை நாமே எடுத்துப் பையிலிட்டுக்கொள்ளலாமே. அவர் தம் வேலையினிமித்தம் மறுக்கமாட்டார். மறுக்க இயலாதவரைத் தொடவைத்தல் என்ன பண்பு?

பிற நாட்டார் இதை எவ்வாறு நடத்துகின்றனர் எனவும் பார்க்கலாம். ஜப்பானியப் பேரங்காடிகளில் காசாளர் பொருள்களை ஒரு கூடையிலிருந்து எடுத்துக் கணக்கிட்டு, கனத்தது கீழும் மெல்லியது மேலுமாக மற்றொரு கூடையில் அழகுற அடுக்கித் தருவார். வாங்கியவர் அக்கூடையை அப்பாலுள்ள மேசைக்குக் கொண்டுபோய்த் தம் பையில் தாமே இட்டுக்கொள்வார். வரிசையும் தேங்குவதில்லை; யாரும் தாழ்ந்து போனதாகவும் எண்ணுவதில்லை. ஜெர்மனியில் காசாளர் நாற்காலியில் அமர்ந்தே வேலை செய்வார். பொருளை மின்னல் வேகத்தில் தள்ளுவார். வாங்குவோர் அவ்வேகத்துக்கு ஈடுகொடுத்துத் தாமே அள்ளிக்கொள்ளவேண்டும். நம் ஊர்களிலோ நாள் முழுதும் நின்றே வேலை செய்யும் காசாளர் பலர். கடைத் தொழிலாளர்க்கு உட்கார இருக்கை தரவேண்டுமென்று கேரளத்தில் 2018-இலும் தமிழ்நாட்டில் 2021-இலும் சட்டம் செய்யவேண்டி வந்தது. உட்காருவதற்கு ஒரு சட்டம்! துணிக்கடைகளிற் பத்து மணி நேரம் நின்று கால் வீங்கிய பெண்களின் குறையே அச்சட்டத்துக்குக் காரணம். அக்கால்களை எண்ணாது புடவையின் கரையை மட்டும் எண்ணியவர்கள் நாமேயல்லமோ?

இனி ஆட்சேபங்களுக்கு வருவோம். "பணம் கொடுக்கிறேன், வேலை செய்வது அவர் கடமை" என்பர் சிலர். மெய்தான். ஆனால் கொடுத்த பணத்துக்கு வாங்கியது என்ன? சீனி, முட்டை, பை. அவற்றைக் கணக்கிட்டுத் தரும் வேலை. இரசீதை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்துப் பார்த்தாலும் அவரை "நீ" என்றழைக்கும் உரிமைக்கு அதில் விலை போட்டிருக்காது. முட்டை உடைந்தால் வேறு முட்டை கேட்பது வாங்கியவர் உரிமை. அதற்கு, "முட்டை உடைந்துவிட்டதம்மா, மாற்றித் தாருங்கள்" என்னும் ஆறு சொல் போதும். படிப்பையும் பிறப்பையும் இழுக்க வேண்டியதில்லை.

"நான் பையில் அடுக்கினால் ஒருவர் வேலையைப் பறித்தவன் ஆவேன்" என்பர் வேறு சிலர். இது சிந்திக்கற்பாலது. பை அடுக்குவதற்கென்றே ஒரு முதியவரையோ பள்ளி விடுமுறைப் பிள்ளையையோ கடை வைத்திருக்குமாயின், அவ்வேலையை அவர் செய்யட்டும். நாம் இடையில் புகுந்து பிடுங்காமல், நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளலாம். அவ்வாறு ஆளில்லாதவிடத்து, ஒரே காசாளர் இரண்டு வேலையும் செய்ய, நாம் கை கட்டி நிற்பதனால் எந்த ஏழைக்கும் புதிதாய் வேலை கிடைத்துவிடப் போவதில்லை. ஆளைக் குறைப்பவர் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக் குறைக்கிறார். நாம் ரொட்டியை எங்கே வைத்தோமென்று பார்த்துக் குறைப்பதில்லை. அந்தக் குறைப்பை எதிர்க்க விரும்புவோர் தொழிற்சங்கத்துக்குத் துணைநிற்கலாம். கடை நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதலாம். கையைக் கட்டிக்கொள்வதைப் போராட்டமென்று பெயரிடுவது சோம்பலுக்குப் பூச்சூட்டுவதாகும்.

காசாளரெல்லாம் குணக்குன்றுகள் என்று யாம் வாதிக்கவில்லை. பக்கத்து முகப்பிலுள்ளவரோடு கதை பேசிக்கொண்டே சாமானை எறிபவரும், வாங்குவோர் முகத்தை நிமிர்ந்தும் பாராதவரும் உளர். வாங்குவோரிலோ, வந்தது முதல் போவது வரை கைத்தொலைபேசியைக் காதினின்றும் எடுக்காமல், எதிரே இருப்பவர்க்குச் சைகையால் மட்டும் விடை கூறுவோர் உளர். எறிவதும் தவறு, சைகையும் தவறு. இன்னொன்றும் சொல்லவேண்டும். குடும்பத்தோடு வருவோரைக் கவனியுங்கள். பெரும்பாலும் மனைவி பையில் அடுக்குவார், மகள் உதவுவாள், கணவரும் மகனும் வாயிற்பக்கம் பார்த்து நிற்பர். பணப்பை மட்டும் ஆண்மகனது. மற்றப் பைகள் யாவும் பெண்ணினது! வீட்டில் நடப்பதே கடையிலும் நடக்கிறது. வீட்டில் தட்டையெடுத்து வைத்தறியாத பிள்ளைக்குக் காசாளரின் கை வலி எங்ஙனம் புலப்படும்?

இனி எம்மை உறுத்தும் இடத்துக்கு வருகிறோம். அன்று கை கட்டி நின்றவர் கொடியவரல்லர். அவர் பாட்டனாரும் எமது பாட்டனாரைப் போலவே விடியற்காலைப் பெரட்டுக்கு நின்றவராயிருக்கக்கூடும். தோளில் கம்பை வைத்து இருபுறமும் பால் வாளி தொங்க மேடு பள்ளம் ஏறியிறங்கியவராயிருக்கக்கூடும். கிராணி பெயரைக் கூவியபோது "நீ" என்றும் "டா" என்றும் கேட்டு, "ஐயா" என்று பதில் சொன்னவராயிருக்கக்கூடும். அந்தப் பாட்டனார், தம் பேரன் இனி யாருக்கும் சுமக்க வேண்டாமென்று எண்ணியிருப்பார். அதில் பிழையில்லை. பேரன் அதனை, "இனி எனக்குப் பிறர் சுமக்கவேண்டும்" என்று பொருள் செய்துகொண்டார். கை நீட்டி ஒரு ரொட்டியைப் பையில் இட்டால் பழைய கூலி நிலைக்கு இறங்கிவிட்டதாக அவர் நெஞ்சின் ஒரு மூலை அஞ்சுகின்றது போலும்.

1929-ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ. வெ. ரா. மலாயாவுக்கு வந்து தன்மதிப்பைப் பற்றிப் பேசிச் சென்றார். அச்சொல் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் பரவிற்று. குனிந்த முதுகுகள் பல நிமிர்ந்தன. ஆனால் நிமிர்ந்தவர்களிற் சிலர், தாம் நிமிர்ந்திருப்பதை அறிய எதிரே ஒருவர் குனிந்திருத்தல் வேண்டுமென நினைக்கத் தொடங்கினர். ஜாதியைக் கட்டிக் காத்தவர்கள் நினைத்ததும் அதுவேயன்றோ? மேலே உள்ளவன் மேலே உள்ளவனாக இருப்பதற்குக் கீழே ஒருவன் இன்றியமையாதவன் ஆனான். பிறப்பினாற் கீழ் என்பதை ஒழித்துவிட்டு, வேலையினாற் கீழ் என்பதை அவ்விடத்தில் குடியேற்றினால் நாம் ஒழித்தது என்ன? "படித்திருந்தால் இந்த வேலைக்கு ஏன் வந்திருக்கப் போகிறாய்" என்ற சொல்லில் கல்வியே ஜாதியாகிவிட்டது. எமது பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும்போது, "படிக்காவிட்டால் கடையில் பை கட்டத்தான் போவாய்" என்று யாமும் பயமுறுத்தியிருக்கிறோம். அவ்வம்மையாரின் பிள்ளைகள் அதனைக் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்கள் என்று அப்போது எமக்குத் தோன்றவில்லை.

அன்று யாம் பேசாதிருந்ததன் காரணமும் இதுதான் என இப்பொழுது விளங்குகின்றது. வரிசை நகரட்டும் என்ற அவசரம் ஒன்று. சீனரும் மலாய்க்காரரும் பார்க்க, தமிழரொருவர் தமிழரை இழிவு செய்தாரே என்ற வெட்கம் மற்றொன்று. ஆனால் அவ்வெட்கம் அம்மையாருக்காக எழுந்ததன்று, எமக்காக எழுந்தது. எம்மவர் மானம் போயிற்றே என்று கணக்கிட்டோமேயன்றி, அவருக்கு நோகுமே என்று கணக்கிடவில்லை. பேசியிருந்தாலும் அந்த மனிதரைத் திருத்தப் பேசியிருப்போம். அம்மையாரிடம் ஒரு சொல் பேசியிருக்கமாட்டோம்.

பேசியவர் வேறொருவர். எமக்கு முன் நின்ற சீன மூதாட்டி, தம் சாமானைப் பட்டையில் வைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவர் போல நீட்டிய கையால் கண்ணியவானின் மிச்சப் பொருள்களை எடுத்து அவருடைய பையிலேயே இடத் தொடங்கினார். "சாபார், சாபார்" என்று மலாயில் மட்டும் சொன்னார். பொறு, பொறு என்பது அதன் பொருள். யாரைப் பொறுக்கச் சொன்னார் என்பது எவருக்கும் விளங்கவில்லை. கண்ணியவான் திகைத்தார். பிறகு கட்டிய கைகளை அவிழ்த்துத் தாமும் இரண்டொரு பொருளை எடுத்து வைத்தார். மாற்று முட்டை வந்தது, வாங்கிக்கொண்டு போய்விட்டார். மன்னிப்பொன்றும் கேட்கவில்லை.

எமது முறை வந்தது. வீட்டிலிருந்து கொணர்ந்த துணிப்பையை விரித்து, யாமே விரைவாக அடுக்கத் தலைப்பட்டோம். அன்றைய மௌனத்துக்கு ஈடுசெய்யும் எண்ணமும் அதில் கலந்திருந்ததென்பதை மறைப்பானேன்? "நாள் முழுவதும் நிற்கிறீர்களே, கால் வலிக்காதா அம்மா?" என்று கேட்டோம். "ஒன்பது மணிக்கு முடிந்துவிடும் ஐயா" என்றார். கணக்கு முடிந்தது. பணத்தைக் கையிற் கொடுத்தோம். சில்லறையைக் கையில் வாங்கினோம். புறப்படுமுன் அவர் எமது பையை எட்டிப் பார்த்து, எண்ணெய்ப் புட்டிக்கு அடியில் நசுங்கிக் கிடந்த ரொட்டியை மெல்ல உருவி எடுத்தார்.

"ரொட்டி மேலே இருக்கட்டும், ஐயா" என்றார்.